அண்டார்டிகாவுக்கு சின்னக் கப்பல்ல போறதுன்னா என்ன: சவுத் ஜார்ஜியா பயணத்துல பாத்ததும் கத்துக்கிட்டதும்

அண்டார்டிகா போயிட்டு வந்தோம்னு சொன்னதுமே எல்லாரும் கேக்கற முதல் கேள்வி எவ்ளோ ஆச்சு, அடுத்தது குளிர் எப்படி இருந்துச்சு, அப்புறம் யாராவது ஒருத்தர் மட்டும் மெதுவா "நாமெல்லாம் அங்க போயி அந்த இடத்தையும் கெடுக்கணுமா"ன்னு கேப்பாங்க. எனக்கு அந்த மூணாவது கேள்வி தான் பிடிக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி ரொம்ப நாளா நானும் அக்காவும் அதையே தான் பேசிட்டு இருந்தோம், போறதுன்னு முடிவு பண்ணதுக்கு அப்புறமும் அந்தக் கேள்விய வச்சு தான் கப்பலையே தேர்ந்தெடுத்தோம், அதனால பணம் கட்டப் போறவங்களுக்கு உதவும்னு அதுலேந்தே ஆரம்பிக்கறேன்.

மொதல்ல 100ங்கற நம்பர மனசுல வச்சுக்கோங்க. அண்டார்டிகால ஒரு இடத்துல ஒரே நேரத்துல 100 பேருக்கு மேல கரைல இருக்கக் கூடாது, ஒரு நேரத்துல ஒரு கப்பல் தான் அங்க ஆளுங்கள இறக்கலாம், 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது கூடவே இருக்கணும், 500 பயணிகளுக்கு மேல ஏத்திட்டு வர்ற கப்பல் யாரையுமே கரைல இறக்கக் கூடாது. 1991ல டூர் கம்பெனிங்க சேந்து ஆரம்பிச்ச ஐஏஏடிஓ சங்கம் கடைப்பிடிக்கற விதிங்க இது, 2009ல அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளும், அதாவது ஒரு ஒப்பந்தம் போட்டு அந்தக் கண்டத்த சேந்து நிர்வகிக்கற நாடுகளும், இதையே எடுத்துக்கிட்டாங்க. இப்ப இத வச்சு கணக்கு போடுங்க. உங்க கப்பல்ல 90 பேர்னா எல்லாரும் ஒண்ணா இறங்கலாம், மூணு மணி நேரம் கிடைச்சா மூணு மணி நேரமும் உங்களுக்கு தான். 190 பேர்னா ரெண்டு ஷிஃப்ட், பாதி நேரம் ரப்பர் படகுலயோ கப்பல் டெக்லயோ காத்திருக்கணும். 400 பேர்னா நீங்க கரைல இருக்கற நேரம் ரொம்பக் கொஞ்சம். 3,000 பேர் போற பெரிய கப்பல்னா பால்கனிலேந்து பாத்துட்டு திரும்பி வர வேண்டியது தான். நாங்க முதல்ல விசாரிச்ச ஏஜென்ட் "எல்லாமே அண்டார்டிகா தான் மேடம், பெரிய கப்பல்னா பாதி ரேட்டு, ஆட்டமும் கம்மி"ன்னு சொன்னாரு, இறங்க முடியாதுங்கறத மட்டும் நாங்களா கேக்கற வரைக்கும் சொல்லல. அதனால ஏஜென்ட்டுகிட்ட பேசறப்ப முதல் கேள்வியே மொத்தப் பயணிங்க எத்தன பேர், எத்தன பேட்ச்சா இறக்குவீங்கன்னு தான் இருக்கணும்.

ரெண்டாவது கேள்வி வழிகாட்டிங்க யாருன்னு. எங்க கப்பல்ல பறவை ஆளு ஒருத்தர், திமிங்கில ஆராய்ச்சி பண்றவங்க ஒருத்தங்க, பனிப்பாறை பத்தி படிச்சவங்க, வரலாறு சொல்றவர், இப்படி ஒரு டீமே இருந்துச்சு, இவங்களே தான் படகும் ஓட்டுவாங்க, கரைல கொடி நட்டு எது வரைக்கும் போலாம்னு எல்லையும் போடுவாங்க, ராத்திரி லெக்சரும் எடுப்பாங்க. மூணாவது, ஐஏஏடிஓ மெம்பரா இல்லையான்னு. நாலாவது, கப்பல்ல ஏதாவது அறிவியல் வேல நடக்குதா, பயணிங்க அதுல கலந்துக்கலாமான்னு. இதுக்கெல்லாம் தெளிவா பதில் சொல்ற கம்பெனிய நம்பலாம். "எக்கோ லக்சுரி", "சஸ்டெயினபிள்"னு ப்ரோஷர்ல மட்டும் பச்சை எழுத்துல போட்டுட்டு எத்தன பேர்னு கேட்டா மழுப்பறவங்கள விட்டுருங்க.

செலவ பத்தி சுருக்கமா சொல்லிடறேன். அண்டார்டிகா கண்டத்துலேந்து தென் அமெரிக்கா பக்கமா நீட்டிட்டு இருக்கற தீபகற்பம் மட்டும் போயிட்டு வர்றதுக்கு ரெண்டு பேர் ஷேர் பண்ற கீழ்த்தளத்து கேபின்லயே ஆளுக்கு 7,000, 8,000 டாலர்ல ஆரம்பிக்கும், தெற்கு அட்லாண்டிக் கடல்ல இருக்கற சவுத் ஜார்ஜியா தீவையும் சேத்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஃப்ளைட் தனி. கடல்ல மருத்துவ அவசரம்னா தூக்கிட்டு வர்றதுக்கான இன்சூரன்ஸ் இல்லாம ஏத்தவே மாட்டாங்க, 2 லட்சம் டாலர் வரைக்கும் கவர் கேக்கற கம்பெனிங்க இருக்கு, நம்ம ஊர் சாதாரண டிராவல் பாலிசி பலதுல துருவப் பகுதி விலக்குன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும், அந்தப் பக்கத்த வரி வரியா படிங்க. விசா அர்ஜென்டினாவுக்கு வேணும், அமெரிக்க விசா கைல இருக்கறவங்களுக்கு தளர்வு உண்டு, விதி மாறிட்டே இருக்கறதால டிக்கெட் போடறதுக்கு முன்னாடி தூதரகப் பக்கத்துல பாத்துடுங்க. கப்பல் ஃபாக்லாந்துல நிக்கும்னா அதுக்கு என்ன வேணும்னு கம்பெனிகிட்ட மெயில்ல எழுதி வாங்கிக்கோங்க.

நாங்க ஏன் அவ்ளோ செலவு பண்ணி சவுத் ஜார்ஜியாவ சேத்தோம்னு நிறைய பேர் கேட்டாங்க. பாதுகாப்புன்னா என்னங்கறத கண்ணால பாக்கணும்னா உலகத்துலயே அத விட நல்ல இடம் இருக்குமான்னு தெரியல எனக்கு. அர்ஜென்டினாவோட தெற்கு முனைல இருக்கற உசுவாயா துறைமுகத்துலேந்து கிளம்பி கிழக்க மூணு நாள் போல வெறும் கடல், அதுக்கப்புறம் திடீர்னு பனி மூடின மலைத்தொடர் ஒண்ணு கடல்லேந்து எழும்பி நிக்குது, 170 கிலோமீட்டர் நீளம், ஊருன்னு ஒண்ணு கெடயாது, அரசு அதிகாரிங்களும் ஆராய்ச்சிக்காரங்களும் கொஞ்சம் பேர் மட்டும் இருப்பாங்க. 1775ல கேப்டன் குக் அங்க இறங்கி, சீல் நிறைய இருக்குன்னு எழுதி வச்சாரு, அதப் படிச்சுட்டு வேட்டைக்காரங்க கிளம்பி வந்து தோலுக்காக ஃபர் சீல்கள ஏறக்குறைய இல்லாமயே பண்ணிட்டாங்க. அடுத்து 1904ல அந்தத் தீவுல கிரித்விக்கன்ங்கற இடத்துல திமிங்கில ஆலை. 1965 வரைக்கும் அந்த ஒரு தீவுல மட்டும் 1,75,250 திமிங்கிலங்கள வெட்டி எண்ணெய் எடுத்திருக்காங்க. அந்த ஆலையோட துருப்பிடிச்ச டாங்கிங்க இன்னும் அங்கயே நிக்குது, நடுவுல நடந்து போறப்ப அக்கா ஒரு வார்த்த பேசல. பக்கத்துல 1913ல கட்டின சின்ன மரச் சர்ச், கொஞ்சம் தள்ளி அண்டார்டிகாவ ஆராயப் போன ஷேக்கிள்டனோட கல்லறை, எல்லாரும் அங்க போயி ஃபோட்டோ எடுத்துக்கிட்டாங்க, எனக்கு என்னமோ அந்த டாங்கிங்கள விட்டு நகர மனசு வரல.

அதே கடல்ல இப்ப நடக்கறதையும் கேளுங்க. 2018ல சர்வே பண்ணப்ப ஒரே ஒரு நீலத் திமிங்கிலம் தான் கண்ணுல பட்டுச்சாம், 2020ல போனப்ப 55. கூன்முதுகுத் திமிங்கிலம், அதாவது ஹம்ப்பேக், அந்தப் பகுதிக்கு கோடைல வர்றது சுமார் 24,500ன்னு கணிச்சிருக்காங்க. வேட்டைய நிறுத்தி விட்டாங்க, இரை இருந்துச்சு, திரும்பி வந்துடுச்சுங்க. அதுக்கு அறுபது வருஷம் ஆச்சுங்கறதையும் சேத்தே சொல்லணும். ஃபர் சீல்கள் லட்சக்கணக்குல இருக்கு, பிப்ரவரி கடைசில நாங்க போனப்ப குட்டிங்க கரை முழுக்க ஓடிட்டு இருந்துச்சு, நம்மள பாத்தா மூக்க தூக்கிட்டு துரத்த வேற வரும். அப்ப ஓடக் கூடாது, நின்ன எடத்துலயே நின்னு கைய லேசா விரிச்சு உயரமா காட்டினா நின்னுடும், கைட் இத படகுலயே சொல்லிக் குடுத்துடுவாரு.

எலிக் கதை தான் என்னை ரொம்ப அசைச்சது. சீல் வேட்டைக் கப்பலோடயும் திமிங்கிலக் கப்பலோடயும் எலி வந்து இறங்கி, தரைல பொந்துல முட்ட போடற பறவைங்கள எல்லாம் காலி பண்ணிட்டே வந்துச்சு, பிபிட்னு ஒரு சின்னப் பாட்டுக் குருவி, உலகத்துல அங்க மட்டும் தான் இருக்கு, அது எலி போக முடியாத சின்னச் சின்னத் தீவுங்கள்ல மட்டும் ஒதுங்கிப் போச்சு. சவுத் ஜார்ஜியா ஹெரிடேஜ் ட்ரஸ்ட்னு ஒரு அமைப்பு 2011லேந்து 2015 வரைக்கும் மூணு கட்டமா ஹெலிகாப்டர்லேந்து விஷ உருண்ட தூவினாங்க, ஏறக்குறைய 300 டன், ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல. ஏன் அவ்ளோ அவசரம்னா, கடல் வரைக்கும் இறங்கற பனியாறுங்க தான் தீவ தனித்தனி அறையா பிரிச்சு வச்சிருந்துச்சு, எலியால ஒரு பகுதிலேந்து இன்னொண்ணுக்கு தாண்ட முடியாது, அதனால ஒவ்வொரு அறையா சுத்தம் பண்ணலாம். பூமி சூடாகி பனியாறு பின்வாங்கிட்டா அந்தச் சுவரே போயிடும், அப்புறம் தீவு முழுக்க ஒரே அடியா பண்ணனும், அது முடியாத காரியம். அதனால சுவர் இருக்கறப்பவே முடிச்சாங்க. நார்வேக்காரங்க கறிக்காகக் கொண்டு வந்து விட்ட ரெயின்டீர் மான்களையும் அதே காலத்துல அகற்றினாங்க. அப்புறம் மோப்ப நாய்ங்கள வச்சு தேடிப் பாத்து 2018ல எலி இல்லாத தீவுன்னு அறிவிச்சாங்க. நாங்க இறங்கின ஒரு விரிகுடால உயரமான புல் மேட்டுக்குள்ளேந்து அந்தக் குருவி பாடுச்சு, பறவை கைட் கைய தூக்கி எல்லாரையும் நிக்கச் சொன்னாரு, எங்கயோ மறைஞ்சு ஒதுங்கி இருந்த பறவை இப்ப நம்ம கால் பக்கத்துலயே பாடுதுன்னு அவர் சொன்னப்ப குரல் கொஞ்சம் தடுமாறிச்சு அவருக்கு.

இதெல்லாம் தெரிஞ்சா தான் கப்பல்ல ஏன் அவ்ளோ கெடுபிடி பண்றாங்கன்னு புரியும். தீவுக்கு முந்தின நாள் முழுக்க சுத்தம் பண்ற வேல. எல்லாரும் ஜாக்கெட், பேன்ட், தொப்பி, பேக், ட்ரைபாட், ட்ரெக்கிங் குச்சி எல்லாத்தையும் லவுஞ்ச்சுக்கு தூக்கிட்டு வரணும், வேக்குவம் க்ளீனர் வச்சு பாக்கெட் உள்ள, தையல் ஓரம், வெல்க்ரோ எல்லாம் உறியணும், வெல்க்ரோ முள்ளுக்குள்ள மாட்டின புல் விதைய எடுக்க ட்வீசரும் பேப்பர் க்ளிப்பும் குடுப்பாங்க. அக்காவோட பழைய ஜாக்கெட் பாக்கெட் மூலைலேந்து சோம்பு வந்துச்சு, ஹோட்டல்ல சாப்ட்டு எப்பவோ போட்டுக்கிட்டது. நம்ம ஊர் பாக்கெட்டுல சோம்பு, வெத்தலப்பாக்குத் தூள், கோயில் துளசி, விபூதி பொட்டலம் எல்லாம் இருக்கத் தான் செய்யும், அதனால வீட்டுலயே எல்லா பாக்கெட்டையும் வெளிப்பக்கமா திருப்பி தட்டி, துவைச்சு, வேக்குவம் போட்டு எடுத்துட்டுப் போங்க, முடிஞ்சா வெல்க்ரோ இல்லாத, வழவழப்பான மேல்துணியா வாங்குங்க, ஃப்ளீஸ வெளிய போடாதீங்க, அதுல எல்லாமே ஒட்டும். ஒரு விதை என்ன பண்ணிடும்னு நினைக்காதீங்க, நம்ம வழக்கமா பாக்கற மாதிரி ஒரு சாதாரண புல்லு, போவா அன்னுவான்னு பேரு, ஆளுங்களோட போயி கிங் ஜார்ஜ் தீவுல வேர் பிடிச்சு அத பிடுங்கறதுக்கே ஆராய்ச்சியாளருங்க வருஷக்கணக்கா பாடுபடறாங்க. கிரித்விக்கன்ல அரசு அதிகாரிங்க கப்பலுக்கே வந்து நம்ம பூட்ஸ் அடிய டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. சின்னதா மண்ணு இருந்தாலும் திரும்பப் போயி கழுவணும்.

இதோட பறவைக் காய்ச்சல் வேற. எச்5என்1 2023 அக்டோபர்ல சவுத் ஜார்ஜியாவ எட்டிச்சு, 2024 பிப்ரவரில தீபகற்பத்துலயும் உறுதியாச்சு. யானை சீல்கள ரொம்ப மோசமா தாக்கிச்சு, பெரிய மூணு கடற்கரைல 2022க்கும் 2024க்கும் நடுவுல குட்டி போட வர்ற பெண் சீல்கள் கிட்டத்தட்ட பாதி குறைஞ்சு போச்சுன்னு ஆய்வு சொல்லுது. அதனால இப்ப கரைல உக்காரக் கூடாது, முட்டி போடக் கூடாது, படுத்து ஃபோட்டோ எடுக்கக் கூடாது, பையக் கூட கீழ வைக்கக் கூடாது, பூட்ஸ் மட்டும் தான் தரைல படலாம். இறங்கறப்பவும் ஏறறப்பவும் பூட்ஸ கிருமிநாசினித் தொட்டில முக்கி ப்ரஷ் போடணும். இதுக்கு நீங்க தயாராகணும்னா, கேமரா பைய கழட்டாமயே லென்ஸ் எடுக்கற மாதிரி முன்பக்கம் மாட்டற சின்ன பை தான் நல்லது, மூணு மணி நேரம் நின்னுட்டே இருக்க கால் பழகணும். தண்ணி மட்டும் தான் கரைக்கு எடுத்துட்டுப் போலாம், சாப்பாடு கூடாது, கழிப்பறை கெடயாது, அதனால இறங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி காபிய நிறுத்திடுங்க. வீட்டுப் பொடி, ஊறுகாய் எல்லாம் கப்பல்ல ஏத்தலாமான்னு முன்கூட்டியே கேட்டுக்கோங்க, ஏத்தினாலும் கேபின விட்டு வெளிய வரக் கூடாது. சைவம்னு புக்கிங்லயே சொல்லிட்டா பருப்பும் சாதமும் தினமும் கிடைக்கும், எங்களுக்கு கிடைச்சுது.

ஒரு நாள் காலைல ராஜ பென்குவின் கூட்டம் இருக்கற ஒரு பெரிய கடற்கரைக்கு முன்னாடி நங்கூரம் போட்டாங்க. முதல்ல கைடுங்க மட்டும் படகுல போயி கரைய பாத்துட்டு வந்தாங்க, செத்த ஸ்குவா பறவைங்க சிலது கிடக்குதுன்னு சொல்லி எக்ஸ்பெடிஷன் லீடர் இறங்கறது ரத்துன்னு மைக்ல சொல்லிட்டாங்க. கப்பல்ல முணுமுணுப்பு, ஒருத்தர் வரவேற்புக்கே போயி இவ்ளோ பணம் கட்டியிருக்கேன்னு சத்தம் போட்டாரு. அந்தம்மா அசையல, படகுலயே கரை ஓரமா தூரத்துலேந்து சுத்திக் காட்டினாங்க. ஆயிரக்கணக்குல பென்குவின், நடுநடுவுல பழுப்பு நிறத்துல புசுபுசுன்னு குஞ்சுங்க, இந்தப் பறவைக்கு ஒரு குஞ்ச வளத்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆகறதால எந்த மாசம் போனாலும் குஞ்சு பாக்கலாம். சத்தம் கல்யாண மண்டபத்துல பந்தி நேரத்துல கேக்கற மாதிரி இருந்துச்சு. நான் அன்னிக்கு அந்த லீடர மனசார மதிச்சேன். இறக்கியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்கப் போறதில்ல, பயணிங்க சந்தோஷப்பட்டிருப்பாங்க, டிப்ஸும் கூட வந்திருக்கும். ரத்து பண்ணத் தெரிஞ்ச லீடர் இருக்கற கப்பல் தான் நல்ல கப்பல். நீங்க முன்னாடி போனவங்க விமர்சனத்த படிக்கறப்ப "லேண்டிங் கேன்சல் பண்ணிட்டாங்க"ன்னு புலம்பியிருந்தா, ஏன் கேன்சல் பண்ணாங்கன்னு பாருங்க, காத்து, பனிக்கட்டி, நோய், இதெல்லாம் காரணம்னா அது அந்தக் கம்பெனிக்கு ப்ளஸ் பாயிண்ட்.

ராத்திரி ஜன்னல் திரைய எல்லாம் இழுத்து மூடச் சொல்லுவாங்க, டெக் விளக்கு முடிஞ்ச வரை அணைச்சிடுவாங்க. பெட்ரல், ப்ரையான் மாதிரி கடல் பறவைங்க வெளிச்சத்த பாத்து மயங்கி கப்பல்ல வந்து மோதி விழும், முக்கியமா மூடுபனி ராத்திரில. காலைல ஊழியர் ஒருத்தர் டெக் முழுக்க நடந்து பாத்து விழுந்து கிடக்கறத அட்டப்பெட்டில வச்சு காய வச்சு பறக்க விடுவாரு. திரைய மூடறது சின்ன வேல தான், நம்ம பக்கத்து கேபின்காரங்க மூடலன்னா தட்டிச் சொல்ற அளவுக்கு அக்கா சீரியஸா எடுத்துக்கிட்டா.

உடம்பு விஷயம் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா அக்காவுக்கு அறுபத தாண்டியாச்சு, முட்டி வலி உண்டு, அதனால போலாமான்னே தயங்கினோம். கப்பல்ல பாதி பேர் அந்த வயசு தான். உண்மைல வேணுங்கறது ரெண்டே திறமை, கப்பல் ஓரத்து இரும்புப் படில இறங்கறது, ஆடற ரப்பர் படகுல கால் வைக்கறது. படகுல ஏறறப்ப கைடும் நாமளும் ஒருத்தர் மணிக்கட்ட ஒருத்தர் பிடிச்சுக்கணும், விரல பிடிச்சா வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது. கைல எதுவும் இருக்கக் கூடாது, கேமரா, குச்சி எல்லாம் பைக்குள்ள. படகு ஏறி இறங்கறப்ப அவசரப்படாம கைட் "இப்ப"ன்னு சொல்ற வரைக்கும் நிக்கணும். கரைல பெரும்பாலும் முட்டி அளவு தண்ணில தான் இறக்குவாங்க, ரப்பர் பூட்ஸ் கப்பல்லயே குடுப்பாங்க, அளவ முன்கூட்டியே அனுப்பிடுங்க, ரெண்டு சாக்ஸ் போட்டு தான் அளவு சொல்லணும். அக்கா கிளம்பறதுக்கு மூணு மாசம் முன்னாடிலேந்து வீட்டு மாடிப்படில கைப்பிடி பிடிக்காம ஏறி இறங்கிப் பழகினா, அது போதுமானதா இருந்துச்சு.

ஆட்டத்துக்கு ஒரே வழி வாந்தி வர்றதுக்கு முன்னாடியே மாத்திர போடறது தான், வந்ததுக்கு அப்புறம் போட்டா வயித்துலயே நிக்காது. நாங்க எங்க டாக்டர்கிட்ட கேட்டு அவோமின் எடுத்துட்டுப் போனோம், தூக்கம் வரும், பரவால்ல, ட்ரேக் பாசேஜ்ல, அதாவது தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவுல இருக்கற கொந்தளிப்பான கடல்ல, தூங்கறது நல்லது தான். கப்பல்லயும் டாக்டர் உண்டு, பிபி மாத்திர சாப்பிடறவங்க ஒத்துக்குமான்னு கேட்டுக்கணும். கேபின் எடுக்கறப்ப மேல் தளத்து பால்கனிக்கு ஆசப்பட வேண்டாம், கீழ்த் தளம், கப்பலோட நடுப் பகுதி, அங்க தான் ஆட்டம் கம்மி, விலையும் கம்மி. நடக்கறப்ப எப்பவும் ஒரு கை கம்பில இருக்கணும், கதவு நிலைல மட்டும் விரல வைக்கவே கூடாது, கப்பல் சாயறப்ப கனமான கதவு அடிச்சு விரல் போறது தான் அங்க அடிக்கடி நடக்கற காயம்னு டாக்டர் சொன்னாரு.

தீபகற்பத்துல ஜென்டூ பென்குவின் பக்கம் 5 மீட்டர் விதி, ஃபர் சீலுக்கு 15 மீட்டர் தள்ளி நிக்கச் சொல்லுவாங்க. பென்குவின் தானா கிட்ட வந்தா நாம அசையாம நிக்கணும், அதுக்கு வழி விடணும். பனில அதுங்க தினமும் நடந்து நடந்து ஒரு ஒத்தயடிப் பாதை போட்டு வச்சிருக்கும், அத தாண்டறப்ப நின்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு ஒரே எட்டுல தாண்டணும். நம்ம கால் பனில தொடை வரைக்கும் புதைஞ்சு குழி விழுந்துட்டா அத பூட்ஸால பனிய தள்ளி மூடிட்டு தான் நகரணும், மூடலன்னா அதுல பென்குவின் விழுந்து ஏற முடியாம மாட்டிக்கும். நெக்கோ ஹார்பர்ங்கற விரிகுடால எதிர்லயே பனியாறு, பாளம் உடைஞ்சு விழுந்தா சில நிமிஷத்துல அலை கரைக்கு வந்துடும், அதனால தண்ணி ஓரத்துல நிக்க விட மாட்டாங்க, மேட்டுக்கு ஏறச் சொல்லுவாங்க. ட்ரோன் எடுத்துட்டுப் போகாதீங்க, பொழுதுபோக்குக்கு பறக்க விட அனுமதி கெடயாது.

அறிவியல் வேலன்னு சொன்னேன் இல்லையா, அதுல ரெண்டு நாங்க செஞ்சோம். ஒண்ணு ஃப்யோர்ட்ஃபைட்டோ, படகுல போயி மெல்லிய வலைய கடல்ல இறக்கி நுண்ணுயிர்ப் பாசிய பிடிச்சு பாட்டில்ல போட்டுக் குடுக்கணும், பனியாறு உருகி நல்ல தண்ணி கடல்ல கலக்கறப்ப இந்தப் பாசி எப்படி மாறுதுன்னு பாக்கறதுக்கு. ஆராய்ச்சிக் கப்பல் ஒரே இடத்துக்கு வாரா வாரம் வர முடியாது, டூரிஸ்ட் கப்பலுங்க சீசன் முழுக்க போயிட்டு வந்துட்டே இருக்கும், அதான் இதுல லாபம். இன்னொண்ணு ஹேப்பிவேல். ஹம்ப்பேக் திமிங்கிலம் முங்கறப்ப வால தூக்கும், வாலோட அடிப்பக்கத்து கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற, அத ஃபோட்டோ எடுத்து நேரம், இடத்தோட ஏத்தினா எந்தத் திமிங்கிலம்னு கண்டுபிடிச்சு சொல்லிடுவாங்க. நேரா பின்னாலேந்து, வால் முழுசா தெரியற மாதிரி எடுக்கணும், ஃபோன் போதாது, ஜூம் லென்ஸ் வேணும், கேமரா நேரத்த கிளம்பறப்பவே சரி பண்ணி வைங்க. நான் அனுப்பின வால் படம் ஒண்ணு கொலம்பியாவோட பசிபிக் கடல்ல ஏற்கெனவே பதிவான ஒண்ணோட ஒத்துப் போச்சுன்னு ஊருக்கு வந்ததுக்கு அப்புறம் மெயில் வந்துச்சு. குட்டி போட அங்க போயிட்டு சாப்பிட இங்க வருது. எனக்கு பயணத்துல கிடைச்சதுலயே பெரிய சந்தோஷம் அது தான், அத பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன்.

இப்ப அந்த மூணாவது கேள்வி. ஒரு சீசன்ல போறவங்க ஒரு லட்சத்த தாண்டிட்டாங்க. நம்ம ஊர்லேந்து ப்யூனஸ் ஐரிஸ் போயி வர்ற ஃப்ளைட், அப்புறம் டீசல் எரிக்கற கப்பல், ஆளுக்கு பல டன் கார்பன், அத மறைக்க முடியாது. ஹெவி ஃப்யூயல் ஆயில்ங்கற கனமான கப்பல் எண்ணெய் எரிக்கறத 2011லேந்து அங்க தடை பண்ணிட்டாங்க, நல்லது தான், ஆனா கப்பல் புகைலேந்து விழற கரி பனிய கருப்பாக்கி சீக்கிரம் உருக்குதுன்னு 2022ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரு பயணி கணக்குல பல பத்து டன் பனி. போகாம இருக்கறதும் ஒரு நியாயமான முடிவு தான், போகாதவங்கள நான் குறைவா நினைக்கல. போறவங்க வாழ்நாள்ல ஒரு தடவ, நீளமா, சின்னக் கப்பல்ல போங்க, அஞ்சு நாள்ல பறந்து போயி டிக் அடிச்சுட்டு வர்ற பேக்கேஜ் வேண்டாம், அந்தக் கார்பனுக்கு அது ஈடே இல்ல. விமானமா கப்பலான்னு கேட்டா ட்ரேக்க தாண்டறதையும் சேத்து அனுபவிங்கன்னு தான் சொல்லுவேன், ஆல்பட்ராஸ் ஒண்ணு இறக்கைய ஒரு தடவ கூட அடிக்காம கப்பல் பின்னாலயே வர்றத விமானத்துலேந்து பாக்க முடியாது.

திரும்பி வந்த பிறகும் நம்ம கைல சிலது இருக்கு. 2024 மே மாசம் அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளோட கூட்டம் நம்ம கொச்சில தான் நடந்துச்சு, சுற்றுலாவுக்கு முழுமையான விதி எழுதற பேச்சு அங்க நகந்துச்சு, இந்தியாவுக்கு அதுல ஓட்டு இருக்கு. கிழக்கு அண்டார்டிகா, வெட்டல் கடல் ரெண்டையும் பாதுகாக்கப்பட்ட கடலா அறிவிக்கணும்னு 2021ல இந்தியா ஆதரவு சொல்லுச்சு. தீபகற்பத்துக்கும் அப்படி ஒண்ணு வேணும்னு அர்ஜென்டினாவும் சிலியும் 2018ல முன்மொழிஞ்சது இன்னும் இழுத்துட்டே இருக்கு, எல்லா நாடும் ஒத்துக்கிட்டா தான் நிறைவேறும். அங்க சண்டையே கிரில்லுக்கு தான், இறால் மாதிரி சின்ன உசுரு, பென்குவின், சீல், திமிங்கிலம் எல்லாத்துக்கும் அதான் சாப்பாடு, தீபகற்பத்தையும் சவுத் ஜார்ஜியாவையும் சுத்தி இருக்கற கடல்ல வருஷத்துக்கு 6,20,000 டன் வரைக்கும் பிடிக்கலாம்னு வரம்பு, 2025ல சீசன் முடியறதுக்கு முன்னாடியே அந்த வரம்ப தொட்டு மீன்பிடிய மூட வேண்டியதாச்சு. பெரும்பகுதி மீன் பண்ணைத் தீவனத்துக்கும் ஒமேகா 3 கேப்ஸ்யூலுக்கும் போகுது. நம்ம ஊர் ஆன்லைன் கடைலயும் கிரில் ஆயில் விக்கறாங்க, லேபிள திருப்பிப் பாருங்க. அக்காவுக்கு முட்டி வலிக்கு யாரோ அத தான் சிபாரிசு பண்ணியிருந்தாங்க, இப்ப டாக்டர்கிட்ட கேட்டு தினமும் ஆளி விதை வறுத்துப் பொடி பண்ணி மோர்ல போட்டுக் குடிக்கறா.